பெங்களூர் சுற்றக் கிளம்பும் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்கு: மெஜஸ்டிக்கில் போய் இறங்காதீர்கள்

மூன்று வருடம் முன்பு மாமனார், மாமியார், வீட்டுக்காரி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேராகக் காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூர் கிளம்பினோம். மாமனாருக்குப் பன்னேர்கட்டாவில் புலி பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி, ஊர் நடுவில் இருக்கும் பெரிய பஸ் ஸ்டாண்டான மெஜஸ்டிக் போய் இறங்கியபோது மணி பதினொன்று. "பன்னேர்கட்டாவா, வாங்க சார்" என்று தமிழிலேயே கூப்பிட்ட ஆட்டோக்காரர், ஒரு ஆட்டோவுக்கு 700 ரூபாய் கேட்டார். ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ. வந்த வழியிலேயே பாதி தூரம் திரும்பிப் போய்ப் பூங்கா வாசலில் இறங்கினால் கேட் பூட்டியிருக்கிறது. அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் விடுமுறை என்று நான் விசாரிக்கவே இல்லை. மாமியார் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அதன் பிறகு கடைக்கு வண்டி உதிரி பாகம் வாங்க, மாதத்துக்கு இரண்டு தடவை ஜே.சி. ரோட்டுக்குப் போய் வர ஆரம்பித்தேன். அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ வருகிறவர்களுக்கு எழுதிய குறிப்புகள் நமக்குப் பாதிதான் உதவும். நாம் ஊருக்குள் நுழைவது தெற்கு வாசல் வழியாக. அதை வைத்துத்தான் நம் திட்டம் எல்லாம் அமைய வேண்டும்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா செவ்வாய்க்கிழமை கிடையாது. லால்பாக் ரோட்டில் இருக்கும் பழைய எம்.டி.ஆர். ஓட்டல் திங்கட்கிழமை மூடியிருக்கும். காந்தி பஜார் வித்யார்த்தி பவன் ஓட்டலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சிக்பேட்டையில் துணி எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஞாயிறு வேண்டாம், பாதிக் கடைகளுக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். மெட்ரோ ரயிலும் ஞாயிறு காலை 7 மணிக்குத்தான் தொடங்கும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது புதன், வியாழன், சனி. பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும் என்பதால் நம்மில் பலருக்குச் சனிக்கிழமைதான் சரிப்படும். கூட்டம் இருக்கத்தான் செய்யும், பரவாயில்லை.

திங்கட்கிழமை காலையில் மட்டும் கிளம்பாதீர்கள். சனி ஞாயிறு ஊருக்கு வந்த ஐ.டி. பிள்ளைகள் மொத்தமும் அன்றுதான் திரும்புவார்கள். அத்திப்பள்ளியிலிருந்தே வண்டி ஊர்ந்து போகும்.

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஒட்டி லால்பாக் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த வாரங்களில் டிக்கெட் விலையும் அதிகம், கூட்டமும் அதிகம். போவதானால் வார நாளில், காலையில் போய்விடுங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு செய்தி பாருங்கள். காவிரி விவகாரம் சூடாகி பந்த் என்று அறிவித்தால் நம் அரசு பஸ்கள் ஓசூர் ஜூஜூவாடியோடு நின்றுவிடும். 2023 செப்டம்பர் 26-ம் தேதியும் 29-ம் தேதியும் அப்படித்தான் ஆனது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு எல்லையில் நிற்க வேண்டியிருக்கும்.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

ஆதார் அட்டை அசல், பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும். லாட்ஜில் குடும்பத் தலைவர் ஒருவர் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். தங்குகிற பெரியவர்கள் எல்லோருடைய அடையாளத்தையும் கேட்பார்கள், நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். இரண்டிரண்டு ஜெராக்ஸ் கையோடு இருந்தால் ராத்திரி பத்து மணிக்குக் கடை தேட வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். நம் ஊர் டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, யாரும் அட்டை கேட்பதும் கிடையாது. கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் அரசு சாதாரண பஸ்களில் பெண்களுக்கு இலவசம். ஆனால் அது கர்நாடகத்துப் பெண்களுக்கு மட்டும். கர்நாடக முகவரி போட்ட அடையாள அட்டை காட்ட வேண்டும். என் மாமியார் கெத்தாக ஆதாரை நீட்டினார். கண்டக்டர் அதைத் திருப்பிப் பார்த்து, கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருந்ததும் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். ஆகவே பெண்களுக்கும் பஸ் செலவு உண்டு என்று கணக்குப் போட்டே கிளம்புங்கள்.

ரொக்கம் ஆயிரம் ரூபாயாவது வைத்திருங்கள், அதில் பத்தும் இருபதுமாக இருநூறு ரூபாய்க்குச் சில்லறை. எல்லா இடத்திலும் ஜி-பே ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் 2025 ஜூலையில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் பயத்தில் சின்னக் கடைக்காரர்கள் பலர் ஸ்கேன் அட்டையைக் கழற்றிவிட்டார்கள். இன்னும் சிலர் ரொக்கம்தான் கேட்கிறார்கள்.

ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் வெயிலில் கிளம்பி அங்கே சாயங்கால மழையில் நனைந்தால் மறுநாள் காய்ச்சல்தான்.

3. எதில் போவது

பஸ்தான். கிருஷ்ணகிரி டவுனில் ரயில் நிலையம் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். இங்கிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர், அதில் ஓசூர் வரை 50. தர்மபுரி, பாலக்கோடு ஆட்கள் ராயக்கோட்டை வழியாகவும் ஓசூர் வந்துவிடலாம்.

தர்மபுரிக்காரர்களுக்கு ரயில் உண்டு. பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போகும். டிக்கெட் எடுக்கும்போது வண்டி எந்த ஸ்டேஷனுக்குப் போகிறது என்று பாருங்கள். பெங்களூர் என்றால் ஒரே ஸ்டேஷன் இல்லை. சிட்டி ஸ்டேஷன் என்று எல்லோரும் சொல்லும் கே.எஸ்.ஆர். ஒன்று, கண்டோன்மென்ட் ஒன்று, யஷ்வந்த்பூர் ஒன்று, பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா முனையம் ஒன்று. கே.எஸ்.ஆரில் இறங்கினால் மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. விஸ்வேஸ்வரய்யா முனையத்தில் இறங்கினால் மெட்ரோ ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும், மூட்டையோடு நடக்க முடியாது. கோவையிலிருந்து வரும் வந்தே பாரத் தர்மபுரியிலும் ஓசூரிலும் நிற்கும், சொகுசான வண்டி. ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் அன்றைய பொழுதில் பாதி போய்விடும். ஒரே நாளில் பார்த்துத் திரும்ப நினைப்பவர்களுக்கு ஆகாது.

கார்? கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் என்று சுங்கம் கட்டிக்கொண்டே போய், அங்கே நிறுத்த இடம் தேடி, ஒருவழிப் பாதையில் மாட்டி, கேமராவில் படம் பிடித்து வீட்டுக்கு அபராதச் சீட்டு வரவேண்டுமா? முடியாதவர்கள், கைக்குழந்தை இருப்பவர்கள் தவிர மற்றவர்கள் காரை ஓசூரில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். மஞ்சள் போர்டு வாடகைக் கார் என்றால் கர்நாடக வரி கட்டியாயிற்றா என்று டிரைவரிடம் கிளம்புமுன்பே கேளுங்கள். எல்லையில் நிறுத்தியபின் "அதை நீங்கதான் கட்டணும்" என்பார்.

4. எங்கே இறங்குவது: இதில்தான் எல்லாம் இருக்கிறது

நம் பஸ்கள் சாந்திநகர், மெஜஸ்டிக், மைசூர் ரோடு சேட்டிலைட் என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் போய் நிற்கும். முன்பெல்லாம் கடைசி வரை போவதைத் தவிர வழியில்லை. சில்க் போர்டு சிக்னலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு உண்டு.

2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் திறந்ததும் நம் பக்கத்து ஆட்களுக்கு விடிவுகாலம் வந்தது. ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவில் தொடங்கி எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி, சில்க் போர்டு, பி.டி.எம். லேஅவுட் வழியாக ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். கீழே வண்டிகள் நெரிசலில் நிற்க, நாம் மேலே போய்க்கொண்டிருக்கலாம். முழுத் தூரத்துக்கும் டிக்கெட் 60 ரூபாய்.

ஆகவே கண்டக்டரிடம் டிக்கெட் எடுக்கும்போதே "பொம்மசந்திரா" என்று கேளுங்கள். அத்திப்பள்ளி, சந்தாபுரம் தாண்டியதும் வரும். சில எக்ஸ்பிரஸ் வண்டிகள் அங்கே நிற்காது. அப்படியென்றால் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்குங்கள், அங்கேயும் மெட்ரோ நிலையம் இருக்கிறது. அதையும் கோட்டைவிட்டால் வண்டி மேம்பாலத்தில் ஏறிவிடும். அப்புறம் பத்து கிலோமீட்டர் தள்ளி சில்க் போர்டில்தான் கீழே இறங்கும். நடுவில் கூடுலு கேட், பொம்மனஹள்ளி என்று கத்திப் பயனில்லை.

நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துக் குழம்பாதீர்கள். கம்பெனிப் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். "டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா" என்பதுதான் நம் பொம்மசந்திரா.

மஞ்சள் தடத்தில் வண்டிகள் மற்ற தடங்களைவிட இடைவெளி விட்டு வரும். ஒன்று போய்விட்டால் கொஞ்சம் பொறுத்திருங்கள், ஆட்டோவுக்கு ஓடாதீர்கள்.

நெஞ்சுவலி, இதயச் சிகிச்சை என்று ஜெயதேவா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இதே தடத்தில் ஏறலாம், அந்தப் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. மனநல, நரம்பு ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ், புற்றுநோய் ஆஸ்பத்திரியான கித்வாய் போகிறவர்கள் மட்டும் சாந்திநகர் பஸ்சிலேயே உட்கார்ந்து, டைரி சர்க்கிள் பக்கம் எங்கே இறக்கிவிடுவார்கள் என்று கண்டக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னேர்கட்டா மட்டும் பார்ப்பதானால் ஊருக்குள் நுழையவே வேண்டாம். ஓசூர் அல்லது அத்திப்பள்ளியிலிருந்து ஆனேக்கல், அங்கிருந்து ஜிகனி வழியாகப் பன்னேர்கட்டா. இது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் 1,400 ரூபாய் ஆட்டோ காசு மிஞ்சியிருக்கும். சஃபாரி, பூங்கா இரண்டும் சேர்த்து அரை நாளுக்கு மேல் ஆகும். அதை லால்பாக்கோடு ஒரே நாளில் முடிச்சுப் போடாதீர்கள்.

5. ஊருக்குள் நகர்வது

மெட்ரோ கட்டணம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 90. எங்கே போனாலும் ஒரு நடைக்கு 90-க்கு மேல் ஆகாது. கவுன்டரில் டோக்கன் வாங்கலாம், வாட்ஸ்அப்பிலும் டிக்கெட் எடுக்கலாம். ஒருநாள் இரண்டுநாள் வருகிறவர்கள் ஸ்மார்ட் கார்டு வாங்க வேண்டாம். கார்டில் 90 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் கேட் திறக்காது, அந்தப் பணம் கார்டிலேயே முடங்கிக் கிடக்கும்.

ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறுங்கள். மாதவரா போகும் வண்டியில் ஏற வேண்டும். நம் சென்னை மாதவரம் இல்லை, இது வேறு. ஜெயநகர், சவுத் எண்ட் சர்க்கிள், லால்பாக், நேஷனல் காலேஜ், கே.ஆர். மார்க்கெட், சிக்பேட்டை, மெஜஸ்டிக் என்று வரிசையாக வரும். மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கு மாறினால் கர்நாடகச் சட்டசபைக் கட்டடமான விதான சவுதா, கப்பன் பார்க், எம்.ஜி. ரோடு. நீங்கள் பார்க்க நினைப்பதில் முக்கால்வாசி இந்த இரண்டு தடத்திலேயே முடிந்துவிடும்.

மூட்டைக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். பெரிய பெட்டி என்றால் தனிக் கட்டணம், ரொம்பப் பெரியது என்றால் உள்ளேயே விடமாட்டார்கள். மே, ஜூனில் சொந்தக்காரர்களுக்கு மாங்காய் மூட்டை, பங்கனப்பள்ளிப் பழப் பெட்டி எடுத்துப் போவது நம் வழக்கம். அன்றைக்கு மட்டும் பஸ்சிலேயே போய்விடுங்கள்.

பி.எம்.டி.சி. டவுன் பஸ்சுக்கு நாள் முழுக்க ஒரே பாஸ் உண்டு, சாதாரண பஸ்சில் 80 ரூபாய். கண்டக்டரிடமே கிடைக்கும். நான்கு தடவை ஏறி இறங்குவீர்கள் என்றால் லாபம். போர்டு கன்னடத்தில் இருக்கும், நம்பரைப் பாருங்கள். 356, 360 என்று தொடங்குபவை ஓசூர் ரோட்டு வண்டிகள். மெஜஸ்டிக்கிலிருந்து பன்னேர்கட்டாவுக்கு 365.

ஆட்டோ மீட்டர் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18. ராத்திரி 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. மெஜஸ்டிக்கிலிருந்து பன்னேர்கட்டா 22 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் இப்போதைய மீட்டருக்கே 396 ரூபாய்தான். அன்று நான் கொடுத்தது 700. மீட்டர் போட மாட்டேன் என்பவர்தான் அதிகம், அதற்காகச் சண்டை போடாதீர்கள். ஆட்டோ கூப்பிடும் நம்ம யாத்ரி மாதிரி ஆப்பில் என்ன காட்டுகிறது என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்கு மேல் இருபது முப்பது கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாம், இருமடங்கு கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

பேச்சு. ஆட்டோக்காரர், பூக்காரம்மா, ஓட்டல் சர்வர் என்று நிறையப் பேருக்குத் தமிழ் தெரியும். ஆனாலும் எடுத்த எடுப்பில் தமிழில் ஆரம்பிக்காதீர்கள். நாலு வார்த்தை கன்னடம் போதும். எஷ்டு என்றால் எவ்வளவு. எல்லி என்றால் எங்கே. பேகு வேண்டும், பேடா வேண்டாம். "மெஜஸ்டிக் ஹோகுத்தா?" என்றால் மெஜஸ்டிக் போகுமா. "மீட்டர் ஹாகி" என்றால் மீட்டர் போடுங்கள். இதைச் சொன்னதும் அவர்களே "தமிழா?" என்று சிரித்துக்கொண்டு தமிழுக்கு வந்துவிடுவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, அரூர் பக்கத்து ஆட்களுக்குத்தான் சொல்கிறேன்.

6. ஒரு நாளில் பார்க்க நான் சொல்லும் வழி

காலை 5 மணிக்குக் கிருஷ்ணகிரியில் ஏறினால் 7 மணிவாக்கில் பொம்மசந்திரா. எட்டரைக்குள் லால்பாக். மெட்ரோவை ஒட்டிய வாசலில் நுழைந்து, ஏரியைச் சுற்றி, பாறை மேல் ஏறி, கண்ணாடி மாளிகை பார்த்துவிட்டு மெயின் கேட் வழியாக வெளியே வாருங்கள். 240 ஏக்கர், ஒரே வாசலுக்குத் திரும்பி வந்தால் பெரியவர்களுக்குக் கால் விட்டுப்போகும். அந்தப் பாறை நம் கிருஷ்ணகிரி மலைப் பாறை மாதிரிதான் இருக்கிறது, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மாமனார் கேட்டார். கேட்டாலும் அரை மணி நேரம் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

பகலில் கப்பன் பார்க், விதான சவுதா. விதான சவுதாவை ரோட்டிலிருந்து பார்த்தால் போதும், உள்ளே போக முயன்று நேரம் கழிக்க வேண்டாம். கப்பன் பார்க்கில் டிக்கெட் இல்லை, மதியம் மரத்தடியில் உட்கார்ந்து இளைப்பாறத் தோதான இடம். குப்பையைப் பையில் போட்டு எடுத்து வந்துவிடுங்கள்.

சாயங்காலம் சிக்பேட்டை. கல்யாணத்துக்குப் பட்டு எடுப்பவர்கள் காலையிலேயே போவது நல்லது. கடை வாசலில் நின்று கூப்பிட்டு மாடிக்கு அழைத்துப் போகிறவர்கள் பின்னால் போகாதீர்கள், அவருக்குரிய கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். பக்கத்திலேயே கே.ஆர். மார்க்கெட். அங்கே பூ வியாபாரம் விடியற்காலையில். மூட்டை மூட்டையாக இறங்கும் ரோஜாவில் நம் ஓசூர்ப் பூவும் இருக்கும். ராத்திரி தங்குகிறவர்கள் ஆறு மணிக்கெல்லாம் போய்ப் பாருங்கள். தரை வழுக்கும், நல்ல செருப்பு போடாதீர்கள்.

7. சாப்பாடு

தர்ஷினி என்று சொல்லும் நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல்கள்தான் மலிவு. முதலில் பில் போட்டு, பிறகு வாங்க வேண்டும். சாம்பார் கொஞ்சம் இனிக்கும், சர்க்கரை கொட்டிவிட்டதாக நினைத்துச் சர்வரைக் கூப்பிடாதீர்கள், அவர்கள் கைப்பக்குவம் அப்படி. இரண்டு பேருக்கு ஒரு காபியைப் பிரித்துக் கேட்க "பை-டூ" என்றால் போதும், யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள். ராகி முத்தே என்று எழுதியிருப்பது நம் ராகிக் களிதான். வீட்டில் தினம் சாப்பிடுவதை அங்கே காசு கொடுத்துச் சாப்பிடுவது உங்கள் இஷ்டம்.

எம்.டி.ஆரிலும் வித்யார்த்தி பவனிலும் சனி, ஞாயிறு காலையில் வரிசை நீளும். பசியோடு இருக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போய் நிறுத்தாதீர்கள்.

8. தங்குவதானால்

மெஜஸ்டிக், காந்திநகர் சுற்றி லாட்ஜ்கள் நிறைய. இருவர் தங்கும் சுமாரான அறை நான் எடுத்தவரை ஆயிரத்திலிருந்து ஆயிரத்தைநூறு. பணம் கட்டுமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா? ராத்திரி 11 மணிக்கு அறை எடுத்து, மறுநாள் 12 மணிக்குக் காலி செய்யச் சொன்னபோதுதான் எனக்கு இந்த வித்தியாசம் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே "ரூம் வேணுமா" என்று பின்னால் வருகிறவரைத் தவிர்த்து, நீங்களாக இரண்டு இடம் ஏறி இறங்கி அறையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஜெயநகர், பி.டி.எம். பக்கம் எடுத்தால் வாடகை சற்றுக் கூடும், ஆனால் திரும்பும்போது மெட்ரோ நேராகப் பொம்மசந்திராவுக்கு.

9. திரும்பி வருவது

வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல் கிளம்பவே வேண்டாம். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாட்களும் அப்படித்தான். மற்ற நாளில் மெட்ரோவில் பொம்மசந்திரா வந்து, ஓசூர் போகும் பக்கம் ரோட்டைக் கடந்து நில்லுங்கள். நேர் வண்டியில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டம், அவை சாந்திநகரிலேயே நிரம்பிவிடும். இடத்துக்குக் காத்திராமல் வருகிற ஓசூர் வண்டியில் ஏறி, ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மாறுவதுதான் என் வழக்கம். நிற்க முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் மட்டும், நேரம் போனாலும் போகட்டும் என்று சாந்திநகருக்கே போய், வண்டி புறப்படும் இடத்தில் ஏறி உட்கார வையுங்கள்.

ஓசூரில் கிருஷ்ணகிரி போர்டு இல்லையே என்று நிற்க வேண்டாம். சேலம், வேலூர், திருவண்ணாமலை எல்லாமே கிருஷ்ணகிரி வழிதான். தர்மபுரிக்காரர்கள் மட்டும் சேலம் வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். அலைந்த களைப்பில் திருவண்ணாமலை வண்டியில் ஏறித் தூங்கிவிட்டால் கண் விழிப்பது ஊத்தங்கரையில்.